எடை குறைந்தது, எதைக் குறைத்து?

தந்தைக்கோ தாய்க்கோ அன்றாட வேலைகளுக்காக ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும். வீட்டில் கணினி தெரிந்தவர் என்று பெயரெடுத்த உங்களிடம்தான் அந்தப் பொறுப்பு வந்து சேரும். கடைக்குப் போனால், "ஒரு கிலோகூட இல்லை, தூக்கிப் பாருங்கள்!" என்று ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். கையில் எடுத்ததுமே நமக்கு வியப்புத் தோன்றும். வியப்பு அடங்கியபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த எடை எதைக் குறைத்ததால் குறைந்தது?

ஒரு பொருளின் எடை தானாகக் குறைவதில்லை. அதிலிருந்து ஏதாவது ஒன்று நீக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது இலேசான, விலை மிகுந்த உலோகம் பயன்பட்டிருக்க வேண்டும். மடிக்கணினியின் வரலாறே இதற்குச் சான்று.

1981இல் வெளிவந்த ஆஸ்பார்ன் 1 என்னும் 'தூக்கிச் செல்லும் கணினி' ஏறத்தாழ 11 கிலோகிராம் எடை கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டே ஜப்பானின் எப்சன் நிறுவனம் 1.6 கிலோகிராமில் எச்.எக்ஸ்-20 என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்படியானால் எடைப் பிரச்சினை 1982லேயே தீர்ந்துவிட்டதா? இல்லை. அதன் திரையில் வரிக்கு 20 எழுத்துகளாக 4 வரிகள்தாம் தெரிந்தன. அங்கே எடைக்கு விலையாகத் திரை போயிற்று. 2007இல் வந்த ஆசூஸ் நிறுவனத்தின் ஈ பிசி ஒரு கிலோவுக்கும் குறைவு. அதன் திரை 7 அங்குலம், விசைகளும் நெருக்கமானவை. 2008இல் வந்த மேக்புக் ஏர் 1.36 கிலோகிராம், அதில் குறுந்தட்டு இயக்கி நீங்கியது, யு.எஸ்.பி. துளை ஒன்றே எஞ்சியது.

ஒரு படிப்பினை

இந்த வரிசையில் நாம் நன்கு ஆராய வேண்டியது, ஆப்பிள் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 12 அங்குல மேக்புக். எடை 0.92 கிலோகிராம். நுண்ணிய, தெளிவான திரை. விசிறி இல்லாததால் ஓசையும் இல்லை. இவை போற்றத்தக்கவை. ஆனால், உடலை மெலிதாக்குவதற்காக விசைகளின் அடியிலிருந்த அமைப்பையே மாற்றினார்கள். 'வண்ணத்துப்பூச்சி' எனப்பட்ட அந்தப் புதிய அமைப்பில் விசை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் கீழிறங்கியது. சிறு தூசு நுழைந்தாலும் ஒரு விசை வேலை செய்யாது. அல்லது ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழும். புகார்கள் பெருகவே, 2018 ஜூனில் இலவசப் பழுதுநீக்கும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. 2019 இறுதியில் பழைய 'கத்தரி' அமைப்புக்கே திரும்பத் தொடங்கியது.

மின்னேற்றத்துக்கும் யு.எஸ்.பி. இணைப்புக்கும் அதில் ஒரே ஒரு துளைதான். மின்னேற்றிக்கொண்டே நினைவுக் குச்சியைச் செருக வேண்டுமானால் தனியாக ஓர் இணைப்பான் வாங்க வேண்டும். இளைஞர் இதைச் சமாளித்துக்கொள்வார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இது தினமும் ஓர் இடைஞ்சல் அல்லவா?

விரலும் கண்ணும்

வயது ஏற ஏற விரல் நுனியின் தொடு உணர்வு மங்குகிறது. விசை அழுந்தியதை விரல் உணர வேண்டுமானால் அது 1.3 முதல் 1.5 மில்லிமீட்டராவது இறங்குவது நல்லது. அடுத்தடுத்த விசைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 19 மில்லிமீட்டர் என்பது முழு அளவு விசைப்பலகையின் வழக்கம். அதைக் குறைக்காத பொறியையே தேர்ந்தெடுங்கள்.

கண்ணுக்கு வருவோம். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து நீங்கள் அறிந்ததே. படிக்கும் கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தொலைவுக்கு அமைந்திருக்கும், மடிக்கணினித் திரையோ 50 முதல் 60 செ.மீ. தொலைவில் நிற்கிறது. அந்தத் தொலைவைச் சொல்லிக் கண்ணாடியைச் சோதித்துக்கொள்வது, விலை உயர்ந்த திரை வாங்குவதைவிடப் பயன்தரும்.

ஒரு கணக்கையும் பார்ப்போம். நல்ல கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 60 செ.மீ. தொலைவில் இது 0.17 மில்லிமீட்டர். 14 அங்குலத் திரையில் 1920க்கு 1080 புள்ளிகள் இருந்தால் ஒரு புள்ளியின் அளவு 0.16 மில்லிமீட்டர், அதாவது, கண்ணின் எல்லைக்கு உட்பட்டதே. விளம்பரத்தில் வரும் இதைவிட மிகுந்த எண்களால் பெற்றோருக்குப் பெரிய நன்மை இல்லை. எழுத்துகளை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைப்பதே நன்மை. அப்படிப் பெரிதாக்கியபின் போதிய வரிகள் தெரிய 14 அங்குலமாவது வேண்டும். சன்னலின் ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பாத, பளபளப்பற்ற திரையாகவும் இருக்கட்டும்.

எடை எங்கே முக்கியம்?

எடையே முக்கியமன்று என்று சொல்ல வரவில்லை. மேசையில் இருக்கும் கணினியின் எடை யாரையும் வருத்தாது. அலமாரியிலிருந்து ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கும்போதுதான் மணிக்கட்டு அதை உணர்கிறது. மணிக்கட்டைத் திருகுவது எடையும், பிடிக்கும் ஓரத்திலிருந்து எடை மையத்தின் தொலைவும் சேர்ந்த பெருக்கற்பலன். 26 செ.மீ. அகலமுள்ள 2.2 கிலோ கணினிக்கு இது 2.2 × 13, அதாவது 28.6. 22 செ.மீ. அகலமுள்ள 1.4 கிலோ கணினிக்கு 1.4 × 11, அதாவது 15.4, ஏறத்தாழப் பாதி! மூட்டுவலி உள்ள கைக்கு இது பெரிய ஆறுதல். 21 செ.மீ. அகலத்தில் ஒரு கிலோவாக்கினாலோ 10.5, மேலும் குறைந்தது ஐந்தளவுதான். அந்த ஐந்துக்காக விசையையும் திரையையும் இழக்கலாமா?

மின்கலத்தையும் கவனியுங்கள். 50 வாட்-மணி ஆற்றல் கொண்ட இலித்தியம் அயனி மின்கலம் கால் கிலோ அளவில் இருக்கும். எழுதவும் படிக்கவும் சராசரி 6 வாட் செலவானால் 8 மணி நேரம் ஓடும். எடைக்காக அதை 35 வாட்-மணியாகக் குறைத்தால் 6 மணிக்கும் குறைவு. மின்கலம் சில ஆண்டுகளில் தளர்வது இயல்பு. உங்கள் ஊரிலேயே திருகாணியைக் கழற்றி அதை மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு

1.2 முதல் 1.5 கிலோ வரையில், 14 அங்குலத் திரையும், முழு அளவு விசைகளும், பழைய வகை யு.எஸ்.பி. துளை ஒன்றேனும் உள்ள பொறி போதும். வங்கிக் கணக்குப் பார்க்கவும், கடிதம் எழுதவும், வெளியூர்ப் பேரக்குழந்தைகளுடன் முகம் பார்த்துப் பேசவும் மிக வேகமான செயலி தேவையில்லை. அந்தப் பணத்தைத் திரையிலும் விசையிலும் செலவிடுங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகை, 2019 மே மாதத்திலிருந்து விண்டோஸ் இயங்குதளத்துடனேயே வருகிறது. அதை இயக்கி வைத்த பிறகே கணினியை ஒப்படையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்கு வாங்குகிறீர்களோ அவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் கையால் மூடியைத் திறக்கட்டும். பத்து வரி தட்டட்டும். தம் கண்ணாடியோடு அதைப் படிக்கட்டும். இவை மூன்றிலும் தேறிய பொறிகளுள் எடை குறைந்தது எதுவோ, அதுவே அவருக்கு ஏற்ற மடிக்கணினி.