ரீடேக் யார் கணக்கில்? சின்ன விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவுக்கு ஒரு சாஃப்ட்வேர் தேடியபோது

டோல்கேட் மெட்ரோவில் இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தால், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் என் நண்பனின் ஸ்டூடியோ. 14 பேர். ரோட்டோ, பெயின்ட், கொஞ்சம் காம்ப். அதாவது, பெரிய ஸ்டூடியோ வாங்கும் வேலையில் ஒரு துண்டு இன்னொருத்தருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு துண்டாக இங்கே வரும். வடபழனி, சாலிகிராமத்தை விட்டு இங்கே ஏன் என்றால், வாடகை. அதோடு அவன் வீடும் இங்கேதான்.

போன மாதம் கூப்பிட்டு, "மச்சி, ப்ரொடக்‌ஷன் டிராக் பண்ண ஏதாவது ஒண்ணு வாங்கணும்டா, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு" என்றான். மூன்று வாரம் பார்த்தேன். இது அந்தக் குறிப்பு.

முதலில் ஏன் வேணும் என்று கேட்டேன். அவன் காட்டியது ஒரு கூகுள் ஷீட்டும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும். ஒரு வேலையில் மூன்று ரவுண்டு திருத்தம் வரை பேசிய விலைக்குள் அடக்கம், அதற்கு மேல் தனிக்காசு என்று ஒப்பந்தம். சில ஷாட்கள் எட்டு, ஒன்பது வெர்ஷன் வரை போயிருக்கின்றன. கடைசியில் பில் போட்டபோது "அதெல்லாம் உங்க தப்பைத் திருத்தினது, நாங்க கேட்டது மூணுதான்" என்று பதில். எது யார் கேட்டது என்று காட்ட இவனிடம் ஒன்றுமில்லை. கிளையண்டின் டிராக்கரில் எல்லாம் இருந்தது. வேலை முடிந்த அன்றே அந்த லாகின் மூடப்பட்டுவிட்டது. நம்ம கணக்குநோட்டு காசு தரவேண்டியவர் பீரோவில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

இது டோல்கேட் பிரச்சினை மட்டும் இல்லை. 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவால் மனு போட்டது. அதே மாதம் அவர்கள் வேலை செய்த 'லைஃப் ஆஃப் பை' விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. அன்று அதிகம் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று, விலையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, திருத்தம் எத்தனை வந்தாலும் அதே காசுக்குச் செய்யும் வழக்கம். அவ்வளவு பெரிய கம்பெனியையே ஆட்டியது, 14 பேரை என்ன செய்யும்?

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம்.

பெரிய பெயர் ஷாட்கன். 2014ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2021ல் ஷாட்கிரிட் ஆனது, 2024ல் ஃப்ளோ ப்ரொடக்‌ஷன் டிராக்கிங் ஆனது. பேர் மாறினாலும் ஃபீல்டில் இன்னும் பலர் ஷாட்கன் என்றுதான் சொல்கிறார்கள். ஆழமான சாமான், வேண்டியபடி வளைக்கலாம். ஆனால் வளைக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஆளுக்கு இத்தனை என்று சந்தா வேறு. வேலை இல்லாத மாதமும் சந்தா உண்டு. எல்லாரும் இதையே சொல்வது பெரிய இடங்களில் இருந்து பார்ப்பதால் என்று நினைக்கிறேன்.

அயான், பழைய ஓப்பன்பைப்பின் வாரிசு. நியூக், மாயாவுக்குள்ளேயே ஃபைலை ஒழுங்காகப் பெயரிட்டுப் பதிவு செய்வது இதன் பலம். நல்ல கருவிதான். ஆனால் நண்பனின் வலி ஃபைலில் இல்லை, கணக்கில்.

கிட்சு, பிரான்சின் சிஜிவயர் செய்தது. ஓப்பன் சோர்ஸ். சொந்த மெஷினில் ஒரு உபுன்டுவும் போஸ்ட்கிரெஸும் போட்டு ஓட்டிக்கொள்ளலாம், தலைக்கு இத்தனை என்று காசு இல்லை. பிளெண்டர் ஸ்டூடியோ தன் படங்களுக்கு இதையே பயன்படுத்துகிறது. ஆர்ட்டிஸ்ட் திறந்தால் தன் வேலை மட்டும் ஒரு பக்கமாக வரும். வேலை செய்யும் மெஷின்களை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து வைக்கச் சொல்லும் ஹாலிவுட் கிளையண்ட் வந்தாலும், உள் நெட்வொர்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

குறை உண்டு. ஒரு வேலைக்கு எத்தனை ரீடேக் என்று கிட்சு எண்ணும். யார் கேட்ட ரீடேக் என்று தானாகப் பிரிக்காது. நண்பனுக்குக் காசு போன இடமே அதுதான்! நல்லவேளை, ஸ்டேட்டஸ்களை நாமே உருவாக்கலாம். 'உள் ரீடேக்', 'கிளையண்ட் ரீடேக்' என்று இரண்டு வைத்தோம். கிளையண்டின் மெயிலை அப்படியே கமெண்டில் ஒட்டாமல் இரண்டாவதைப் போடக்கூடாது என்று ஒரு விதி. இந்த ஒரு விதி, நான் படித்த ஒப்பீட்டுப் பட்டியல்கள் எதிலும் இல்லை. அங்கே எல்லாம் கேன்ட் சார்ட் இருக்கிறதா, டேஷ்போர்டு அழகா என்றுதான் பேச்சு.

இன்னொரு பாடம் எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர்களில் இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் நாலு எழுத்து, ஏழு எண். கடைசி எண் சரிபார்ப்பு எண். முன்னால் உள்ளதை வைத்துக் கணக்குப் போட்டால் அது வரவேண்டும். ஒரு எழுத்து தப்பாக அடித்தாலும் பெரும்பாலும் கேட்டிலேயே மாட்டிக்கொள்ளும். நண்பனின் ஷீட்டில் 0140 என்ற ஷாட் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது, யாரும் மாட்டவில்லை. எந்த சாஃப்ட்வேர் ஆனாலும், ஷாட் பெயரைக் கையால் அடிக்க விடாதீர்கள். கிளையண்ட் பட்டியலிலிருந்து நேராக இறக்குங்கள்.

சொந்த சர்வர் என்றால் சொந்தத் தலைவலியும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தினமும் பேக்கப், அதில் ஒரு பிரதி வேறு பேட்டையில் இருக்கும் வீட்டில். இதற்கு ஒரு ஆளைப் பேர் சொல்லி நியமிக்க முடியாது என்றால் கிட்சு வேண்டாம், காசு கட்டி வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒரே படம், ஐம்பது ஷாட் என்றால் ஷீட்டே போதும். அதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று. நிறுவிய அன்று, பெயின்ட் பண்ணும் பெண் ஒருவர் டைம்ஷீட் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, நான் டீ குடிக்கப் போறதும் இதுல ஏறுமா?"

ஏறாது. அவரே எழுதினால்தான் ஏறும். ஆனால் கேள்வி டீ பற்றியது இல்லை. கிளையண்ட் எட்டு முறை திருத்தம் கேட்டார் என்று நிரூபிக்கும் அதே பக்கம், அந்தப் பெண் நாலு நாள் வேலைக்கு ஆறு நாள் எடுத்தார் என்றும் காட்டும். பிட் போடும்போது போட்ட நாலு நாளே தப்பாக இருக்கலாம். பக்கம் அதைச் சொல்லாது. அதனால் நண்பனிடம், டைம்ஷீட் அடுத்த பிட்டுக்கு மட்டும், சம்பளத்துக்கும் இன்கிரிமென்ட்டுக்கும் இல்லை என்று எழுதி சுவரில் ஒட்டச் சொன்னேன்.

"பார்க்கலாம் மச்சி" என்றான். இன்னும் ஒட்டவில்லை. அதுவரை, சரியானதைத் தேர்ந்துவிட்டோம் என்று நான் எழுதப்போவதில்லை.