வாய்மொழியும் பதிவுமொழியும்: எலிசபெத் கேனிங் வழக்குச் சான்றுகள் பற்றிய விவாதம்

1. முன்னுரை

காணாமற்போய் மீண்ட ஓர் இளம்பெண்ணின் சொல்லை நம்புவதா, மறுப்பதா என்ற வினா 1753, 1754 ஆகிய ஆண்டுகளில் இலண்டன் நகரை இரு கட்சிகளாகப் பிரித்தது. எலிசபெத் கேனிங் என்னும் பதினெட்டு வயதுப் பணிப்பெண்ணின் வழக்கே அதற்குக் காரணம். புதின ஆசிரியரும் குற்றவியல் நடுவருமான ஹென்றி ஃபீல்டிங் அவள் சார்பில் ஒரு சிறுநூல் எழுதினார். அவருடைய எழுத்துலகப் பகைவரான ஜான் ஹில் அதனை மறுத்து மற்றொரு சிறுநூல் வெளியிட்டார். துண்டு வெளியீடுகளும் படங்களும் தொடர்ந்தன. இவ்விவாதத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் உண்மையில் நடந்தது யாது என்றே வினவியுள்ளனர். மொழியியல் நோக்கில் அதற்கு முன் எழவேண்டிய வினா ஒன்று உண்டு. இரு தரப்பாரும் எடைபோட்ட சொற்கள் யாருடையவை? இவ்வினாவை எழுப்பாமையே இரு தரப்பு வாதங்களுக்கும் பொதுவான குறை என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. வழக்கு

1753 ஜனவரி 1 அன்று உறவினர் வீட்டிலிருந்து திரும்பும்போது காணாமற்போன கேனிங், ஜனவரி 29 இரவு மெலிந்து நலிந்த நிலையில் தாயின் வீட்டை அடைந்தாள். இருவர் தன்னைத் தாக்கி ஒரு வீட்டிற்குக் கொண்டு சென்றனர் என்றும், அங்கிருந்த ஒரு முதியவள் தன் கச்சை அறுத்தெடுத்து ஓர் அறையில் அடைத்தாள் என்றும், ரொட்டியும் நீரும் கொண்டு உயிர்வாழ்ந்து சாளரவழித் தப்பியதாகவும் கூறினாள். என்ஃபீல்டு வாஷ் என்னும் ஊரில் சூசன்னா வெல்ஸ் என்பவளின் வீடு சோதனையிடப்பட்டது. அங்கிருந்த மேரி ஸ்கொயர்ஸ் என்னும் ஜிப்சி மூதாட்டியைக் கேனிங் குற்றவாளி என அடையாளம் காட்டினாள்.

பிப்ரவரியில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் ஸ்கொயர்ஸுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனை பெண்ணை அடைத்து வைத்ததற்காக அன்று. அச்சுறுத்தி 10 ஷில்லிங் மதிப்புள்ள கச்சைப் பறித்ததற்காகவே. ஏறத்தாழ ஒரு திங்கள் நீண்ட துயரம் சட்டத்தின் மொழிக்குள் நுழைந்தபோது கச்சின் களவாகச் சுருங்கியது. அவ்விசாரணையில் நீதிபதிகளுள் ஒருவராக அமர்ந்திருந்த நகரத்தந்தை சர் கிறிஸ்ப் காஸ்கோயின் ஐயுற்று மீண்டும் விசாரித்தார். ஜனவரி முதல் வாரத்தில் ஸ்கொயர்ஸ் டார்செட் மாவட்டத்து அபட்ஸ்பரியில் இருந்தாள் எனச் சாட்சிகள் கூறினர். அவளுக்கு அரசரின் மன்னிப்புக் கிடைத்தது. 1754இல் கேனிங் மீது பொய்ச்சான்று வழக்கு நடந்தது.

3. ஒத்திருத்தல் என்னும் சான்று

ஃபீல்டிங்கின் வாதத்திற்கு அடித்தளம் இரண்டு. ஒன்று, இத்துணை எளிய பெண் இத்தகைய கதையைப் புனைய இயலாது என்பது. மற்றொன்று, வெல்ஸின் வீட்டில் தங்கியிருந்த வர்ச்சு ஹால் என்பவளின் வாக்குமூலம் கேனிங்கின் கூற்றோடு நுண்ணிய செய்திகளிலும் ஒத்திருக்கிறது என்பது. ஒருவரோடொருவர் கலந்து பேசாத இருவர் ஒன்றையே கூறின் அது உண்மையாதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆயினும் அவ்வாக்குமூலம் உருவான முறையை ஃபீல்டிங்கே தம் நூலில் மறைக்காது எழுதியுள்ளார். ஹால் முதலில் முன்னுக்குப்பின் முரணாக விடையளித்தாள். சிறைக்கு அனுப்புவதாக அவர் எச்சரித்த பின்னர் உண்மையைக் கூற இசைந்தாள். அவள் கூற்றை எழுத்தில் வடித்தவரோ கேனிங் தரப்பு வழக்குரைஞர். எனவே இரு கூற்றுகளின் ஒப்புமை, இரு பெண்களின் நினைவுகளுக்கிடையே உள்ள ஒப்புமையாக இருக்கலாம். வழக்கு விவரத்தை முன்பே அறிந்த ஒருவரின் எழுதுகோல் தந்த ஒப்புமையாகவும் இருக்கலாம். பதிவை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. ஹால் பின்னர்த் தன் கூற்றைத் திரும்பப் பெற்றாள் என்பதும் நோக்கத்தக்கது.

எதிர்த்தரப்பின் வாதமும் இதே குறையுடையது. கேனிங்கை முதலில் விசாரித்த ஆல்டர்மன் சிட்டியின் குறிப்பில் அறை சிறியது, சதுரமானது, சற்று இருண்டது எனக் காணப்பட்டது. என்ஃபீல்டு வாஷில் கண்ட அறையோ நீளமானது, வைக்கோல் கிடந்தது. இம்முரணைப் பொய்க்குச் சான்றாகக் கொண்டனர். சிட்டியின் குறிப்பு கேனிங்கின் சொற்களை அப்படியே எழுதியதன்று. கேட்டவர் தமக்கெனச் சுருக்கி எழுதியது. ஒற்றுமையை உண்மை எனக் கொண்ட ஃபீல்டிங்கும், வேற்றுமையைப் பொய் எனக் கொண்ட எதிர்த்தரப்பாரும் பதிவுமொழியை வாய்மொழியாகவே மயங்கினர்.

4. வினாவில் மறைந்த விடை

அடைபட்டிருந்தபோது வில்ஸ் அல்லது வெல்ஸ் என்னும் பெயர் தன் காதில் விழுந்ததாகக் கேனிங் கூறினாள். இவ்விரு வடிவங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு குற்றுயிர் மட்டுமே. அவள் மீண்ட இரவில் அங்கிருந்த ஸ்காரட் என்பவர், அவ்வீடு வெல்ஸின் வீடாகத்தான் இருக்கவேண்டும் எனத் தாமே கருத்துரைத்தார். பெயரை முதலில் கூறியவர் அவளா, அவரா என்பது 1754 விசாரணையில் பெரிதும் வாதிடப்பட்டது. விடை மட்டும் பதிவாகி வினா பதிவாகாதபோது, பிறர் தந்த பெயரும் சாட்சியின் நினைவாகவே தோற்றமளிக்கும்.

5. வழியும் நாளும்

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க இடங்கள் இரண்டு. முதியவள் கேனிங்கிடம் தங்கள் வழியில் செல்ல விருப்பமா, அவ்வாறாயின் நல்ல ஆடை கிடைக்கும் என்று கேட்டதாகச் சான்றுரை கூறுகிறது. இது பரத்தைமைக்கு அழைக்கும் இடக்கரடக்கல். தமிழில் ‘எங்கள் வழியில் வருகிறாயா’ என்றால் பயணம் எனப் பொருள்படும். ‘எங்கள் வழிக்கு வருகிறாயா’ என்றால் பணிந்துபோதல் என்னும் பொருள் மேலோங்கும். வேற்றுமை உருபு ஒன்றே அழைப்பை மிரட்டலாக்கிவிடுகிறது. அச்சுறுத்தல் குற்றத்தின் கூறாக உள்ள வழக்கில் இது சிறு வேறுபாடன்று.

அடுத்தது நாள். இங்கிலாந்தில் 1752 செப்டம்பரில் நாட்காட்டி மாற்றப்பட்டு, 2ஆம் தேதியை அடுத்து 14ஆம் தேதி வந்தது. அதனால் 1753 தொடக்கத்தில் பழைய கிறிஸ்துமஸ், புதிய கிறிஸ்துமஸ் என்னும் இரு வழக்குகளும் மக்கள் பேச்சில் நிலவின. எழுத்தறியாச் சாட்சிகள் தேதியால் அன்றிப் பண்டிகையால் நாளைக் குறித்தனர். முதியவளைக் கண்ட நாள் எது என்பதைப் பொறுத்தே வழக்கு அமைந்தது. அந்நாளைக் குறித்த சொல்லோ இருபொருள் உடையது.

6. தீர்ப்பில் அடைமொழி

1754இல் நடுவர் குழுவினர் முதலில் அளித்த தீர்ப்பு, கேனிங் பொய்ச்சான்று உரைத்தாள், ஆனால் வேண்டுமென்றும் கெட்ட எண்ணத்துடனும் அன்று என்பதாகும். அத்தீர்ப்பை ஏற்க இயலாது என நீதிமன்றம் அறிவித்தது. குழுவினர் மீண்டும் கூடி, அவ்வடைமொழிகள் இரண்டையும் சேர்த்தே குற்றவாளி எனத் தீர்ப்பளித்தனர். பிழைக்கும் பொய்க்கும் இடையே பேச்சு வழக்கில் உள்ள வேறுபாட்டை அவர்கள் காக்க முயன்றனர். சட்டச் சொல்லில் அதற்கு இடமில்லை. கேனிங் ஒரு மாதச் சிறைக்கும் ஏழாண்டு நாடுகடத்தலுக்கும் ஆளாகி, அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்குச் சென்று, 1773இல் அங்கேயே இறந்தாள். அந்த இருபத்தெட்டு நாள்கள் எங்குக் கழிந்தன என்பது இன்றுவரை விளங்கவில்லை.

7. முடிவுரை

1968இல் யான் ஸ்வார்ட்விக், திமோதி எவன்ஸ் என்பவரின் வாக்குமூலங்களை இலக்கண அடிப்படையில் ஆராய்ந்து, ஐயத்திற்குரிய பகுதிகளின் நடை ஏனைய பகுதிகளினின்றும் வேறுபடுவதைக் காட்டினார். தடயவியல் மொழியியல் என்னும் துறைக்கு அவ்வாய்வு வழிகோலியது. எவன்ஸ் 1950இலேயே தூக்கிலிடப்பட்டிருந்தார்.

இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், அமர்வு நீதிமன்றச் சாட்சியம் இயல்பாகக் கதையுரை வடிவில் பதிவு செய்யப்படவேண்டும் என்றும், நீதிபதி விரும்பின் எப்பகுதியையும் வினாவிடையாகப் பதியலாம் என்றும் விதித்தது. 2024 ஜூலை 1 அன்று அதன் இடத்தைப் பெற்ற புதிய சட்டத்திலும் இம்முறை தொடர்கிறது. கதையுரையில் வினா மறைகிறது. மொழிபெயர்ப்பும் சேரும்போது சாட்சியின் சொல் மேலும் ஒரு படி விலகுகிறது. எனவே ஐயத்திற்கிடமான சொல், இடக்கரடக்கல், நாளைக் குறிக்கும் தொடர் ஆகியவற்றிலேனும் வினாவையும் மூலச்சொல்லையும் உடன் பதிதல் இன்றியமையாதது. கேனிங் வழக்கில் ஒரு மூதாட்டியின் உயிரும் ஓர் இளம்பெண்ணின் பெயரும் இத்தகைய சில சொற்களையே பற்றி நின்றன.