பெயர் பெற்ற கலைஞரும் பெயர் மறைந்த கலைஞரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு ஓவியருக்குப் புகழ் தேடித் தந்தவை மாத இதழ்களேயாம். அரசவைகளின் ஆதரவு குன்றிவிட்ட அக்காலத்தில், இராமானந்த சட்டர்ஜி 1901இல் தொடங்கிய வங்காள மொழிப் 'பிரவாசி'யும் 1907இல் தொடங்கிய ஆங்கில 'மாடர்ன் ரிவ்யூ'வும் ஓவியங்களை வண்ணத்தில் அச்சிட்டுப் படித்தவர் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தன. எந்த ஓவியரை ஏற்பது, எவரை ஒதுக்குவது என்பதும் அப்பக்கங்களிலேயே தீர்மானமாயிற்று. 1906இல் மறைந்த இரவிவர்மாவைப் பாரதியார் இரங்கற்பா பாடிப் போற்றினார். 'மாடர்ன் ரிவ்யூ'வும் தன் தொடக்க இதழில் போற்றியது. அதே 1907இல், அதே ஏட்டில், ஆனந்த குமாரசாமி அவருடைய கலையை நாடகப் பாங்கானது என்று கண்டித்து எழுதினார். ஓராண்டிற்குள் ஒரு புகழ் ஏறியதையும் இறங்கியதையும் வாசகர் கண்டனர்.

இரவிவர்மா இறங்கிய இடத்தில் ஏறியவர் அவனீந்திரநாத் தாகூர். அவரைப் பற்றி ஹாவெல் 1902இலேயே இலண்டன் 'ஸ்டூடியோ' இதழில் எழுதியிருந்தார். அவ்வாண்டு வரையப்பட்ட 'ஷாஜஹானின் இறுதி' தில்லி தர்பார்க் கண்காட்சியில் பரிசு பெற்றது. பிளேக் நோய்க்குத் தம் மகளைப் பறிகொடுத்த துயரத்தையே அதில் வடித்ததாக அவனீந்திரர் கூறியுள்ளார். சகோதரி நிவேதிதை அதற்கு 'மாடர்ன் ரிவ்யூ'வில் விளக்கம் எழுதினார். ஆக்ராக் கோட்டையில் படுத்தபடி மன்னர் நோக்குகிறார், தொலைவில் தாஜ்மஹால். மன்னரின் பெயர் தெரியும், ஓவியரின் பெயர் தெரியும். தொலைவில் தெரியும் அக்கட்டடத்தை வகுத்தவர் பெயர் யாது?

இவ்வினாவை இதழ்கள் எழுப்பாமலில்லை. வெனிஸ் நகரத்துப் பொற்கொல்லர் வெரோனியோவே தாஜின் வரைபடத்தைத் தந்தார் என்றொரு பழைய பாதிரியார் குறிப்பு ஐரோப்பியரிடையே வழங்கிற்று. ஹாவெல் 1903இல் இலண்டன் இதழொன்றில் அதை மறுத்தார். ஆயினும் 1911இல் வின்சென்ட் ஸ்மித் ஐரோப்பியர் பங்கை மீண்டும் வலியுறுத்தினார். வெளிநாட்டவர் உரிமை கோரும்போது ஒரு பெயர் முன்வைக்கப்படுகிறது. நம்மவர் மறுக்கும்போது 'இந்திய மரபு' என்னும் பொதுச்சொல்லே விடையாகிறது. இந்த ஏற்றத்தாழ்வு நம்மை உறுத்துகிறது.

நம் பகுதியில் அச்சான ஓர் இதழே இதற்குத் தக்க சான்று. அரவிந்தர் 1914 ஆகஸ்டு முதல் 1921 ஜனவரி வரை புதுச்சேரியிலிருந்து நடத்திய 'ஆர்யா' ஆங்கிலத் திங்களிதழ், 1915இல் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலொன்றை மதிப்பிட்டது. பின்னர், வில்லியம் ஆர்ச்சர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவரின் தாக்குதலுக்கு விடையாக எழுதப்பட்ட தொடரில் இந்தியக் கலை பற்றிய இயல்கள் வந்தன. அவற்றில் முஸ்லிம் கட்டடக் கலை பற்றிய பகுதி பெருந்தன்மை மிக்கது. தாஜ்மஹாலை ஒரு பேரரசரின் காதல் நினைவாக மட்டும் காண்பதை அவர் ஏற்கவில்லை. மரணத்தையும் கடந்து நிற்கும் அன்பின் கனவாக அதைக் கண்டார். அரபு, பாரசீகக் கற்பனைகளை உள்வாங்கிய இந்திய மனத்தின் படைப்பு என்றார். அன்றைய சூழலில் இவ்வாறு எழுதியோர் மிகச் சிலரே. ஆனால் 'இந்திய மனம்' கல்லை அளக்காது, கணக்குப் போடாது. அவற்றைச் செய்தவர் ஒரு மனிதர்.

கீழ்த்திசைக் கலைஞன் தன் பெயரைப் பொருட்படுத்தாதவன் என்னும் கொள்கையைக் குமாரசாமியின் எழுத்துகள் பரப்பின. கோயிற் சிற்பங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொருந்தும். பூரணாங்குப்பத்திலிருந்து தென்மேற்கே சிறிது தொலைவிலுள்ள பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்களைச் செதுக்கியோர் இன்னாரென்று நாம் அறியோம். முகலாயக் கலைக்கோ அது பொருந்தாது. அபுல் ஃபஸ்லின் 'ஆயினே அக்பரி' ஓவியர் பதினெழுவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. மீர் சையித் அலி, அப்துஸ் ஸமத் ஆகியோருடன் பல்லக்குத் தூக்குபவரின் மகனான தஸ்வந்தும் பசாவனும் அதில் சமமாக நிற்கின்றனர். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் அபுல் ஹஸனுக்கும் மன்ஸூருக்கும் தாம் வழங்கிய பட்டங்களைப் பெருமையுடன் பதிவு செய்கிறார். முன்னதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் முதற்பகுதி 1873இலேயே முற்றுப்பெற்றது. பின்னதன் முழு மொழிபெயர்ப்பு 1909க்கும் 1914க்கும் இடையில் வந்தது. ஆகவே பெயர்கள் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. கொள்கை முன்னே சென்றது. ஏடுகளைப் புரட்டுவது பின்தங்கிற்று.

தாஜின் பெயர் வேறொரு வழியாக வந்தது. லுத்ஃபுல்லாஹ் முஹந்திஸ் என்பவர் பாரசீக மொழியில் இயற்றிய கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் படி வெளிப்பட்டது. தாஜையும் தில்லிச் செங்கோட்டையையும் மன்னர் ஆணைப்படி கட்டியவர் தம் தந்தை உஸ்தாத் அஹ்மத் என அதில் அவர் கூறியிருந்தார். 1930களில் இதை ஆராய்ந்து அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் மௌலானா சையித் சுலைமான் நத்வி. ஆஜம்கட்டிலிருந்து 1916 முதல் வெளிவந்த 'மஆரிஃப்' என்னும் உருது இதழின் ஆசிரியர் அவர். வண்ணத் தகடுகளால் அறியப்பட்ட இதழன்று அது; கையெழுத்துப் படிகளைப் படிக்கத் தெரிந்தவர்களின் இதழ்.

ஒரு பெயர் மட்டும் எக்காலத்தும் மறையவில்லை. தாஜின் எழுத்தணிகளைத் தீட்டிய ஷீராஸ் நகரத்து அமானத் கான், திருமறை வசனங்களின் கீழே தம் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் பொறித்திருக்கிறார். கட்டியவர் எவரென்று இதழ்கள் வாதிட்ட ஆண்டுகளிலும், எழுதியவர் பெயர் அச்சுவரில் இருந்தது.