ஐந்து நாளில் ஒரு தீவு

தசரா விடுமுறையில் குடகுக்கும் உதகைக்கும் சென்று சலித்த மைசூர்க் குடும்பங்கள், பெங்களூரில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய இலங்கையை நாடுவது இக்காலத்தில் அரிதன்று. புறப்படுமுன் பிரயாண ஏஜெண்டு ஐந்து நாட்களையும் மணிக்கணக்காகப் பகுத்து ஒரு நிரலைத் தருகிறார். அதில் கண்டி, சிகிரியா, நுவரெலியா, கதிர்காமம் ஆகியவற்றோடு, சிலவேளை மஹியங்கனைக்கு அருகிலுள்ள தம்பானை என்னும், இலங்கையின் ஆதிக்குடிகளான வேடரின் கிராமமும் அரைநாள் இடம் பெறுகிறது. இவ்வாறு திட்டமிடும் முறையின் குணதோஷங்களை நிதானமாக ஆராய்வது அவசியம்.

குணங்கள் அற்பமானவை அல்ல. முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, சைவ உணவையன்றி வேறொன்றை ஏற்காதவர்களாய், அளவான பணத்தோடு அந்நிய தேசம் செல்வோர்க்கு, தங்குமிடமும் ஆகாரமும் செலவும் முன்கூட்டியே நிச்சயமாவது பெரிய சௌகரியம். மேலும், தென்மேற்குப் பருவமழை இலங்கையின் மேற்குக் கரையை நனைக்கும் மாதங்களில் கிழக்குக் கரை வறண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையிலோ நிலைமை தலைகீழாகும். இதை அறியாமல் புறப்படுவோரின் விடுமுறை விடுதி அறைக்குள்ளேயே கழிந்துவிடக்கூடும்.

ஆயினும் மலையையும் அருவியையும் பார்ப்பதற்கு ஏற்ற அளவுகோலை மனிதர்களுக்கும் பயன்படுத்துவதே இம்முறையின் பிரதான தோஷம். 1983-இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது வேடர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடு அவர்களுக்கு விலக்கப்பட்ட பூமியாயிற்று. பலர் குடியேற்றப் பகுதிகளுக்குப் பெயர்க்கப்பட, திசாஹாமி என்ற முதுபெருந்தலைவர் தம் கிராமத்தை விட்டு அகல மறுத்தார். இந்தச் சரித்திரத்தை அறியாமல், தோளில் கோடரி தாங்கிய முதியவரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் யாத்ரிகன் கண்டது வேடத்தையே; வேடரை அல்ல.

தமிழ் யாத்ரிகர் சிந்திக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. கீழைக் கரையில் வாகரை, மூதூர்ப் பகுதிகளில் தமிழையே பேசி வாழும் கரையோர வேடர் இருக்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அவர்களோடு நாம் உரையாடலாம். கதிர்காமத்து வள்ளியம்மையைத் தம் குலமகளாகக் கொண்டாடுவதும் வேடர் மரபே. ஆனால் நம்மைப் போலவே உடுத்தி, மீன்பிடித்தும் பயிரிட்டும் பிழைக்கும் மக்களிடம் விநோதம் ஏதும் இல்லாமையால், ஏஜெண்டின் நிரலில் அவர்களுக்கு இடமில்லை.

வேடர் இவ்வாறு வேடிக்கைப் பொருளாவதால் தம்பானைக்கே போகலாகாது என்பது சிலர் வாதம். ஆனால் தேனும் கைவினைப் பொருள்களும் விற்று, ஆடிக் காட்டி, அதனால் ஜீவனத்துக்கு வருவாய் பெறுவோரிடம், உங்கள் நன்மைக்காகவே நாங்கள் வரவில்லை என்பது கருணையாகாது. அந்தமானில் ஜாரவா ஆதிவாசிகளின் காட்டினூடே செல்லும் சாலையில் உல்லாசப் பயணிகள் அவர்களைக் காட்சிப்பொருளாக்கியது வேறுவகை. அங்கே 2013-இல் உச்சநீதிமன்றம் தலையிட்டுப் பயணிகளைத் தடுத்தது முற்றிலும் நியாயம். அழைப்பவரிடம் போவதும் அழையாதவரிடமிருந்து விலகி நிற்பதும் ஒரே மரியாதையின் இரு பகுதிகள்.

இந்த விவேகத்தைக் கற்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. மைசூர் ஜில்லாவின் ஹுணசூர், ஹெக்கடதேவனகோட்டைத் தாலுகாக்களில் ஜேனு குருபர் என்னும் ஆதிவாசிகள் வாழ்கின்றனர்; நாகரஹொளெ காட்டிலிருந்து அவர்களில் பலர் வெளியேற்றப்பட்டனர். அதே காட்டில் உல்லாச விடுதி எழ இருந்தபோது ஆதிவாசிகள் எதிர்த்துப் போராடினர். 1997-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. புலியைக் காண ஜீப்பில் செல்லும் மைசூர்வாசிகளில் எத்தனை பேர் இதை அறிவர்? சாமுண்டி மலையையும் அரண்மனையையும் பிருந்தாவனத்தையும் ஒரே பகலில் முடித்துவிட்டு, மைசூரைப் பார்த்தாயிற்று என்று பெருமை பேசும் வெளியூரார் மீது நமக்குள்ள மனக்குறை, பிறர் ஊரில் நாம் யாத்ரிகராகும்போது மறந்துபோகிறது.

ஆகவே திட்டமிடுதல் வேண்டும்; ஆனால் விடுதியையும் வாகனத்தையும் நிச்சயிப்பதோடு அது நிற்கட்டும். ஐந்து நாட்களில் எட்டு ஸ்தலங்களைத் திணிப்பதை விட்டு நான்கைக் கொள்க. போகும் இடத்து மக்களின் சரித்திரத்தைப் புறப்படுமுன் சிறிதேனும் படித்தறிக. அவர்களைக் காணும் நாளில் நேரத்தின் எஜமானர்களாக அவர்களையே விட்டுவிடுக. அரைநாள்தான் மிஞ்சுமெனில், அந்தக் கிராமத்தை நிரலிலிருந்து நீக்கிவிடுவதே நேர்மை.