வேன் காத்திருக்கும் நேரம்

சந்திரகிரிக் கோட்டைக்குள் வேன் நின்றதும் முதலில் இறங்கியவர், எங்கள் குழுவில் படம் வரையாத ஒரே மனிதர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் கறுப்புக் குடை, சட்டைப் பையில் சின்ன டைரி. அங்குள்ள ராஜமகால் அரண்மனையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "தம்பி, அந்த மரத்துக்கு இந்தாண்டை உட்காருங்க. ஒன்பதரை வரைக்கும் வெயில் வராது" என்றார். பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். எவ்வளவு நேரமாகும் என்று டிரைவர் கேட்டார். எங்களைக் கேட்காமலே பெரியவர், "முக்கால் மணி" என்றார்.

பயண ஓவிய மரபின் பள்ளிகளையும் அவற்றின் அளவுகோல்களையும் பற்றி இந்த மலருக்கு எழுதித் தரச் சொன்னபோது, அந்த முக்கால் மணிதான் நினைவுக்கு வந்தது. ஓவியப் பள்ளிகளைக் கல்லூரியை வைத்தோ, மையா வண்ணமா என்பதை வைத்தோ பிரிப்பது வழக்கம். ஊர் ஊராகப் போய் வரைபவர்களை அப்படிப் பிரித்தால் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. கூட வந்தவர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? கோட்டின் குணம் பாதி அதில்தான் முடிவாகிறது.

மாதக்கணக்கில் காத்திருந்த கூட்டங்கள் உண்டு. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-93இல் தென்னாட்டைச் சுற்றியபோது பல்லக்கும் கூடாரமும் சுமையாட்களுமாக ஒரு சின்ன ஊரே அவர்களோடு நகர்ந்தது. காட்சியைக் காகிதத்தில் விழவைக்கும் காமிரா அப்ஸ்க்யூரா பெட்டியும் கூடவே போனது. 1795 முதல் 1808 வரை வெளிவந்த 'ஓரியண்டல் சீனரி'யின் 144 படங்களைப் பார்த்தால் அவசரத்தின் சாயல் எங்கும் இல்லை. கோபுரம் கம்பீரமாக நிற்கும், வானம் விரிந்திருக்கும். மனிதர்கள் மட்டும் அளவு காட்ட வைத்த பொம்மைகள் போல இருப்பார்கள். எனக்கு அந்தப் படங்கள் மேல் மதிப்பு உண்டு, நெருக்கம் இல்லை.

காலின் மெக்கன்சியின் முகாம் வேறு வகை. 1783இல் சென்னைக்கு வந்த அந்த அளவையாளர் 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். அவருக்கு மொழியாகவும் வழியாகவும் இருந்தவர்கள் காவலி வேங்கட போரய்யாவும் அவர் தம்பிகளும். ஊருக்குள் போய், கர்ணம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேசிப் பேசி ஏட்டையும் கல்வெட்டையும் காட்டச் செய்தவர்கள் அவர்கள். வரைவாளர்கள் பக்கத்தில் அளந்துகொண்டிருந்தார்கள். அந்த முகாம்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. பலவற்றில் வரைந்த கையின் பெயர் இல்லை. ஒரு தூணின் பட்டைகளை அவ்வளவு பொறுமையாக எண்ணி வரைந்தவர் எந்த ஊர்க்காரர், யாரிடம் படித்தார் என்பதெல்லாம் போய்விட்டது. நாம் நோட்டின் மூலையில் பெயரும் தேதியும் போடுகிறோமே, அதை அலட்சியமாகச் செய்யக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

தேதி போடுவதை ஒரு நியதியாகவே ஆக்கிக்கொண்டவர் ஆங்கிலேய ஓவியர் எட்வர்ட் லியர். வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில் இந்தியா வந்து, 1874இல் காஞ்சிபுரம், மாமல்லபுரம், தஞ்சை, திருச்சி என்று நம் பக்கம் சுற்றினார். கூட வந்தவர் அவருடைய பணியாளர் கோக்காலி ஒருவர்தான். பென்சிலில் வேகமாகக் கோடு போட்டு, ஓரத்தில் நாள், மணி, எந்த இடத்தில் என்ன நிறம் என்று சொல்லால் எழுதிக்கொள்வார். மை தீட்டுவது பிறகு, அறைக்குத் திரும்பிய பின். வண்ணத்தை எழுத்தாக எழுதும் அந்தப் பழக்கத்தை எங்கள் குழுவில் மூன்று பேர் பின்பற்றுகிறோம். திருமலை மலைச்சாலையில் வண்டியை நிறுத்த முடியாது. செம்மண் நிறப் பாறை அடுக்கு மதில்போல மேலே போய்க்கொண்டே இருக்கும். 'மேலே காவி, இடுக்கில் ஊதா, அடியில் ஈரக் கறுப்பு' என்று நான்கு சொல் எழுதி வைத்தால் இரவு விடுதியில் அந்த மலை திரும்பி வரும்.

இதற்கு நேர் எதிரான நியதியும் இருக்கிறது. 2007இல் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கி உலகமெங்கும் பரவிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' குழுக்கள், கண்ணெதிரே இருப்பதை அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்கின்றன. கூட்டாக வரைவதும் வரைந்ததைக் காட்டிக்கொள்வதும் அவர்கள் எழுதி வைத்த கொள்கையிலேயே இருக்கின்றன. முடிந்ததும் நோட்டுகளைத் தரையில் பரப்பிப் பார்ப்பது நமக்கும் பழகிவிட்டது. பதினோரு ராஜமகால்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போதுதான் அந்தக் கட்டடத்தின் சூட்சுமம் பிடிபட்டது. கீழே வளைவு வளைவான திறப்புகள், மேலே கோயில் விமானத்தை நினைவூட்டும் சிகரங்கள். வளைவில் மனம் போனவர்களின் படம் சுல்தான் அரண்மனை போலவும், சிகரத்தில் மனம் போனவர்களின் படம் கோயில் போலவும் வந்திருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் பிடித்தவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்.

ஆனால் 'அந்த இடத்திலேயே' என்ற விதி திருமலையில் என்ன ஆகும்? கோயிலுக்குள் கேமராவும் செல்போனும் போக முடியாது. கையில் நோட்டு இருந்தாலும் வரிசை நிற்க விடாது. மகாத்துவாரத்தைத் தாண்டியதும் கிருஷ்ணதேவராயர் சிலையாகக் கூப்பிய கையோடு நிற்கிறார், இரு பக்கமும் திருமலாதேவியும் சின்னாதேவியும். உயர்ந்த குல்லாய், மெல்லிய மீசை, மடிப்பு விழுந்த ஆடை. பார்க்கக் கிடைப்பது சில நொடி. இரவு விடுதியில் எல்லோரும் நினைவிலிருந்து வரைந்தோம். ஆளுக்கொரு ராயர் வந்தார். விதிப்படி அது பயண ஓவியமே இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் பக்கத்தில் சாட்சிக்கு நந்தலால் போஸ் இருக்கிறார். 1909 முதல் 1911 வரை லேடி ஹெரிங்ஹாம் அஜந்தாச் சுவரோவியங்களைப் படியெடுக்கப் போனபோது அவருக்கு உதவிய இளைஞர்களில் நந்தலாலும் ஒருவர். சக மாணவர்களோடு குகை இருட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்த கை அது. பிறகு சாந்திநிகேதனில் ஆசிரியரானதும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியூரில் முகாம் போடுவதைப் படிப்பின் பகுதியாகவே ஆக்கினார். கையில் அஞ்சலட்டை அளவு அட்டைகள். மாடு, சந்தை, மரம், நடந்து போகும் பெண் என்று எல்லாமே நாலைந்து கோட்டில் முடிந்துவிடும். கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், அட்டையும் நிரம்பிக்கொண்டே இருக்கும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிறையப் பார்த்துப் பழகிய கண் இருப்பதால்தான் அது நிற்கிறது.

ஆந்திரத்திலும் இதே காலத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. ராஜமுந்திரி கல்லூரி முதல்வர் ஆஸ்வால்ட் கூல்ட்ரே, ஓவிய நாட்டமுள்ள மாணவர்களை அஜந்தாவுக்கும் எல்லோராவுக்கும் அழைத்துப் போனார். அந்த மாணவர்களில் ஒருவர் தாமெர்ல ராமாராவ். 1897இல் பிறந்து 1925இலேயே மறைந்துவிட்ட அவருடைய ஓவியங்களிலிருந்துதான் ஆந்திர ஓவியப் பள்ளி என்று ஒன்று பேசப்படுகிறது. ஒரு கல்லூரி முதல்வர் ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனது ஒரு பள்ளிக்கே வித்தாகியிருக்கிறது.

தமிழில் இந்த மரபின் உயரம் சில்பி. 1919இல் நாமக்கல்லில் பிறந்த பி. எம். சீனிவாசன், தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். அவருக்குச் 'சில்பி' என்று பெயர் வைத்தவர் ஓவியர் மாலி. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய் வரைந்தார், எழுத்தாளர் தேவன் உரை எழுதினார். அந்தப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆரத்தின் மணி எத்தனை, கிரீடத்தின் அடுக்கு எத்தனை, திருவாசியில் சுடர் எத்தனை என்று எண்ணிப் போட்ட கோடுகள். கல்லின் சொரசொரப்பு புள்ளிகளாக இறங்கியிருக்கும். சந்நிதியில் நீண்ட நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்த கை அது. பட்டரும் மெய்க்காவலும் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் வகுத்த அளவுகோல் கடுமையானது: எண்ணிக்கை தப்பக்கூடாது. அழகு அதற்குப் பிறகு.

ஓவியர் மணியத்தின் வழி வேறு. 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி அவரைச் சோழ நாட்டு ஊர்களுக்கும் இலங்கைக்கும் கூட்டிப்போனார். பக்கத்தில் நிற்பவர் கதையை மனத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வரைகிறவரின் கோடும் நகர ஆரம்பித்துவிடும். சில்பியின் சிலை நின்றது நின்றபடி இருக்கிறது. மணியம் பார்த்த சிலை வந்தியத்தேவனாக எழுந்து குதிரை ஏறிவிட்டது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை என்றாலும், புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதல் இரண்டு வருடம் சில்பியைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஏன் என்பதற்குக் காளஹஸ்தியில் பதில் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்கூட்டியே ஆட்களை அகற்றியிருந்ததால் அவர்கள் உயிர் தப்பினார்கள். 2017இல் புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. நான் பழைய கோபுரத்தை இரண்டு முறை வரைந்திருக்கிறேன். இரண்டிலும் அடுக்குகளுக்கு நடுவே இருந்த உருவங்களை 'சும்மா' கோடாகக் கிறுக்கி விட்டிருக்கிறேன், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று. இப்போது அந்த நோட்டைப் பிரித்தால் அந்தக் கிறுக்கல்தான் கண்ணில் படுகிறது. அங்கே என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே ஊரில் கலம்காரி வரைகிறவர்களின் திண்ணையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தோம். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு மையைப் பரவ விடாது. புளியங்குச்சியைக் கரியாக்கி அதில் முதல் வரைவு. பிறகு மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றிய கலம். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த நீர்தான் மை, அதன் பெயர் கசிமி. கலத்திலிருந்து வெளிறி இறங்கும் கோடு, துணியிலுள்ள கடுக்காயைத் தொட்டதும் கண் முன்னே கறுக்கிறது. கரிக்கோட்டைத் தட்டினால் போய்விடும், கசிமிக்கோடு போகாது. அதன்பின் படிகாரம், கொதி, ஓடும் நீரில் அலசல் என்று வேலை நீள்கிறது. சுவர்ணமுகியில் தண்ணீர் ஓடினால்தான் சிவப்பு தெளியும். 1950களின் இறுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியில் இங்கே பயிற்சி மையம் வந்தபோது இந்தக் கலை அணையும் தறுவாயில் இருந்தது. அங்கே ஜொன்னலகட்ட லட்சுமய்யா கற்றுக்கொடுத்தார். அவருடைய மகன் குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இது ராமாயணம் வரைகிற மரபாயிற்றே, நம் பயண ஓவியத்தோடு எப்படிச் சேரும் என்று குழுவில் கேள்வி வந்தது. பொருளால் சேராது. ஒழுக்கத்தால் சேரும் என்பது என் கட்சி. திருத்த முடியாத கோட்டைப் போடுவதற்கு முன் எவ்வளவு நேரம் கை காற்றில் நிற்கிறது என்று அந்தத் திண்ணையில்தான் பார்த்தேன். அன்று மாலை எங்களில் நான்கு பேர் ரப்பரைப் பையிலிருந்து எடுத்து விடுதியிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

கடைசி நாள் குடிமல்லம். ஏர்ப்பேடு பக்கம் திரும்பி, வயல்களுக்கு நடுவே போகும் சாலை. பரசுராமேசுவரர் கோயிலின் விமானம் யானையின் முதுகு போல வளைந்திருக்கிறது. உள்ளே, தாழ்ந்த கருவறையில், ஏறக்குறைய ஐந்தடி உயர லிங்கம். அதன் முகப்பில் ஒரு யட்சனின் தோளில் நிற்கும் சிவன். கிறிஸ்துவுக்கு முந்தையது என்று பல ஆய்வாளர்கள் கருதும் சிற்பம். இதை அளந்து விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர் டி. ஏ. கோபிநாத ராவ், 1914 முதல் 1916 வரை வெளிவந்த தம் படிமவியல் நூலில். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாக வைத்த வேங்கடத்தின் அடிவாரத்தில், 1911 வரை வட ஆர்க்காடாக இருந்த மண்ணில், இப்படி ஒரு சிவனா என்று கொஞ்ச நேரம் யாரும் நோட்டைத் திறக்கவே இல்லை.

வெளிச்சம் குறைவு. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு மண்டபத்தில் வந்து உட்கார்ந்து வரைந்தோம். இடத்தோளில் மழு, இடக்கையில் கெண்டி, வலக்கையில் ஆடு. எனக்குக் கோடு நன்றாக ஓடியது. ஒரே மூச்சில் முடித்து, ஓரத்தில் ஊரும் தேதியும் மணியும் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். டைரியில் ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி கருவறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, ஆட்டைப் பின்னங்காலைப் பிடிச்சுத் தூக்கியிருக்கார். தலை கீழே தொங்குது. நீங்க மேலே போட்டிருக்கீங்க."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. திரும்பி வந்து புதுப் பக்கத்தைத் திருப்பினேன். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

"இன்னும் கால் மணி ஆகும்ப்பா" என்று அவர் சொல்வது கேட்டது.