கலைஞனைக் காணும் கண்: பொருநராற்றுப்படையும் ‘புலிக்கலைஞ’னும்

மனிதரை நுணுகி நோக்கி எழுதுதல் இக்காலப் புனைகதையின் பேறு என்றும், பழம்பாடல்களின் வருணனை வெறும் மரபுவழிப்பட்டது என்றும் கருதும் போக்கு ஆய்வாளரிடையே உண்டு. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை இக்கருத்துக்கு இடந்தருவதில்லை.

248 அடிகள் கொண்ட இப்பாட்டில் பாடினி கூந்தல் தொடங்கி அடி ஈறாக வருணிக்கப்படுகிறாள். நுதலுக்குப் பிறை, புருவத்திற்கு வில் என உவமைகள் பழகிய தடத்திலேயே செல்கின்றன. அடியை எட்டும்போது தடம் மாறிவிடுகிறது. இளைத்த நாயின் நாவு அவளது சிற்றடிக்கு உவமையாகிறது. செந்நிலத்துப் பரல் உறுத்தியதால் எழுந்த நீர்க்கொப்புளங்கள் மரல் பழுத்தாற்போல் தோன்றுகின்றன. தாமரையும் தளிரும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க நாயின் நாவைத் தேர்ந்த புலவர், நெடுவழி நடந்த கால்களைக் குனிந்து பார்த்தவராகவே இருத்தல் வேண்டும். கேசாதிபாத வருணனையை உறுப்புநலப் பட்டியல் என ஒதுக்குவோர் பெரும்பாலும் பாதம்வரை படிப்பதில்லை.

பொருநனின் ஆடையும் இவ்வாறே காட்டப்படுகிறது. ஈரும் பேனும் குடியிருக்கும் அக்கந்தல், வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைக்கப்பட்டது. கரிகாலன் அதனை அகற்றிப் பாம்பின் தோலையொத்த நுண்ணிய ஆடையை அளிக்கிறான். அதற்கு முன் அவன் செய்வது ஈண்டு கருதத்தக்கது: தன் கண்ணில் படுமாறு பொருநனை அருகில் இருத்தி, பருகுவது போன்ற குறையாத பார்வையால் நோக்குகிறான். கொடை இப்பார்வையிலேயே தொடங்கிவிடுகிறது.

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ சிறுகதையிலும் வறிய கலைஞன் ஒருவன் புரவலரை நாடி வருகிறான். அவன் வந்து சேருமிடம் திரைப்பட நிறுவனத்தின் அலுவலகம். அவனைக் காண்பவர்கள் மாத ஊதியக்காரர்கள். புலித்தலையை மாட்டிக்கொண்ட கணத்தில் காதர் வேறோர் உயிராகிவிடுகிறான். அதனைக் கழற்றியபின் எஞ்சுபவன் பசித்த மனிதன், கெஞ்சி அழுகிறான். கதைசொல்லியின் பார்வை கரிகாலனின் பார்வைக்குக் கூர்மையில் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் கொடுக்கும் அதிகாரம் அதற்கில்லை. அசோகமித்திரனின் வருணனையைப் புகைப்படக் கருவியோடு ஒப்பிடுவோர் இவ்விடத்தைத் தவறவிடுகின்றனர். கருவிக்குக் கையறுநிலை கிடையாது. கதைசொல்லி இரக்கச் சொற்களைத் தவிர்த்து அசைவுகளை மட்டுமே அடுக்குவதை நடைச் சிக்கனம் என்று மட்டும் விளக்கிவிட இயலாது. உதவ இயலாதவன் இரங்குவதற்கும் கூசுகிறான் என்று கொள்வதே பொருத்தமாகும்.

பொருநராற்றுப்படையில் கலைஞனே தன் கந்தலைப் பற்றிப் பேசுகிறான். அதனைக் களைந்த பிறகு பேசுவதால் அவன் குரலில் நாணமில்லை, பெருமிதமே உள்ளது. காதருக்கு அந்த ‘பிறகு’ வாய்க்கவில்லை. வாய்ப்பு ஒன்று உருவாகி அவனுக்கு அனுப்பப்படும் கடிதம், அம்முகவரியில் அவன் இல்லையெனத் திரும்பி வருகிறது. அவ்வளவு நுணுக்கமாக அவனைப் பார்த்த அலுவலகத்தில், அவன் எங்கே இருக்கிறான் என்பதை அறிந்தவர் எவருமில்லை.