வெல்வெட் அண்டர்கிரவுண்ட்: சொல்லும் சுருதியும்

ஒரு கலைஞன் தன் முதல் முயற்சிகளில்தான் அசலாக இருக்கிறான், பிற்பாடு வருவதெல்லாம் சந்தையும் சமரசமும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. நியூயார்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' என்ற ராக் குழுவின் ஆரம்ப ஒலிநாடாக்களுக்கு முன்னால் இந்த நம்பிக்கை நிற்காது என்பது என் கட்சி.

நாடாக்கள் இரண்டு. முதலாவது 1965 மே மாதத்தது. லூ ரீட் தன் பாடல்களைப் பதிவுசெய்து, நாடாவை ஒட்டி மூடி, தன் பெயருக்கே தபாலில் அனுப்பிக்கொண்டார். பதிப்புரிமைக்குப் பணம் கட்ட வசதியில்லாதவர்கள் தபால் முத்திரைத் தேதியைச் சாட்சியாக வைத்துக்கொள்ளும் உபாயம் அது. பிரிக்கப்படாமலே கிடந்த அந்த உறை, 2013இல் ரீட் இறந்த பிறகு கண்டெடுக்கப்பட்டு, 2022இல் இசைத்தட்டாக வெளிவந்தது. பாடல்களுக்கு முன்னால், சொல்லும் இசையும் தன்னுடையவை என்று ரீட் அறிவித்துக்கொள்கிறார். வங்கியில் தினமும் பத்திரங்களைப் புரட்டுகிற எனக்குப் பரிச்சயமான தொனி இது. சொத்துக்கு உரிமை கோருகிறவன் பேசுகிற தொனி. இரண்டாவது நாடா அதே ஆண்டு ஜூலையில் லட்லோ தெருவிலிருந்த ஒரு குடியிருப்பில் பதிவானது. ரீட், ஜான் கேல், ஸ்டெர்லிங் மாரிசன் மூவரும் இருக்கிறார்கள். இது 1995இல் வெளிவந்தது.

'ஹெராயின்', போதைப்பொருள் விற்பவனுக்காகக் காத்திருப்பவனைப் பற்றிய பாடல், சவுக்கடியின் இன்பத்தைப் பேசும் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' எல்லாம் 1965 கோடைக்குள் எழுதப்பட்டுவிட்டன. அன்றைய அமெரிக்கப் பாடல் தொடத் துணியாத விஷயங்கள் இவை. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ரீடுக்கு ஆசிரியராக இருந்தவர் டெல்மோர் ஷ்வார்ட்ஸ். 1937இல் 'பார்ட்டிசன் ரெவ்யூ'வில் வந்த ஒரே கதையால் பெயர் பெற்றவர். எளிய சொற்களில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ரீட் அவரிடம் கற்றார்.

ஆனால் நாடாவில் என்ன கேட்கிறது? மே நாடாவில் டிலனின் நிழல். ஜூலை நாடாவில் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' பாடலைக் கேல் பழைய ஆங்கில நாடோடிக் கதைப்பாட்டு மாதிரி நிதானமாகப் பாடுகிறார். சவுக்கும் ரத்தமும் பழைய மெட்டில் சாதுவாக உட்கார்ந்துவிடுகின்றன. விஷயம் புதிது, பாட்டு பழையது. துணிச்சலான உள்ளடக்கம் தனக்கான உருவத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று சொல்லுகிறவர்கள் இந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும். அது தேடிக்கொள்ளவில்லை.

உருவம் எங்கே இருந்தது? யாரும் தேடமாட்டாத இடத்தில். 1964இல் ரீட் பிக்விக் என்ற மலிவு இசைத்தட்டுக் கம்பெனியில் சம்பளத்துக்குப் பாட்டெழுதினார். எந்த மோஸ்தர் விற்கிறதோ அதன் நகலை அவசரமாகத் தயாரிப்பது வேலை. அப்போது நடனப் பைத்தியங்களைக் கேலி செய்து 'தி ஆஸ்ட்ரிச்' என்று ஒரு பாட்டு செய்தார். கிதாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே ஸ்வரத்துக்குக் கட்டினார். அந்தக் குப்பையை மேடையேற்ற ஆள் தேடியபோது அகப்பட்டவர்களில் ஒருவர் கேல். வேல்ஸிலிருந்து வந்த வயோலாக்காரர். லா மான்டே யங்கின் குழுவில் ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்காக நீட்டி வாசித்துக்கொண்டிருந்தவர். (இந்த யங்தான் 1970இல் கிரானா கரானாவின் பண்டிட் பிரான் நாத்திடம் சிஷ்யராகச் சேர்ந்தார். தம்புராவின் சுருதியில் ஊறிய காதுக்கு இந்தத் தேடல் அந்நியமில்லை.) தாங்கள் தவமாகச் செய்துவந்ததை ஒரு கூலிப் பாட்டுக்காரன் விளையாட்டாகச் செய்துவைத்திருந்தது கேலை ஆச்சரியப்படுத்தியது.

ஆக, ஒரே மனிதனிடம் இரண்டு ரீட்கள். தீவிரமாக எழுதியவரிடம் சொல் இருந்தது, சுருதி இல்லை. கூலிக்கு எழுதியவரிடம் சுருதி இருந்தது, சொல் இல்லை. உறைக்குள் வைத்து ரீட் பத்திரப்படுத்தியது முதலாவதை மட்டுமே.

1966 ஏப்ரலில் ஸெப்டர் ஸ்டுடியோவில் பதிவைத் தொடங்கி, 1967 மார்ச்சில் வெளிவந்த முதல் ஆல்பத்தில் இரண்டும் சேர்கின்றன. 'வீனஸ் இன் ஃபர்ஸ்' பாடலில் கிதார் அந்த 'ஆஸ்ட்ரிச்' முறையில் கட்டப்பட்டிருக்கிறது. கேலின் வயோலா சுருதியாக நின்று அறுக்கிறது. இடையில் சேர்ந்த மோரீன் டக்கர் நின்றபடி, அலங்காரமில்லாமல், ஒரே தாளத்தை அடிக்கிறார். இப்போது சவுக்கடியை யாரும் நமக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. பாட்டு அதுவாகவே ஆகிவிடுகிறது. ஜூலை நாடாவில் வெறும் செய்தியாக இருந்தது இங்கே அனுபவமாகிறது.

ஆரம்பப் பதிவுகளால் பிரயோஜனமில்லை என்று நான் சொல்லவில்லை. இந்த இடைவெளியை அளக்க அவை இல்லாமல் முடியாது. கலைஞனின் புனிதமான பால்யம் என்று அவற்றைப் பூஜிக்கிறபோதுதான் விமர்சனம் கெடுகிறது. தன் தீவிரமான எழுத்தை ஒரு பக்கமும் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறதை மறுபக்கமும் வைத்து, நடுவில் கோடு கிழித்துக்கொள்கிறவர்கள் நம்மில் அநேகர். கோட்டுக்கு அந்தப்பக்கம் எதைத் தூக்கி எறிந்தோம் என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.